கீமோ நாட்களில் கிருமித்தொற்று அறிகுறிகளைக் கைபேசிச் செயலியில் கண்காணித்தல்: வன்னிக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய ஒருவருக்குக் கிருமித்தொற்று தொடங்குகிறதா என்று செயலி மூலம் கவனிக்க விரும்பும் குடும்பங்கள், பெரும்பாலும் முதல் வேலையாகச் செயலியைப் பதிவிறக்குகின்றன. என்னுடைய கணக்கில் அது நான்காவது படி. என் அக்காவின் ஆறு சுற்றுச் சிகிச்சை முடியும்வரை நான் இந்தப் பதிவைச் செய்தேன். பின்னர் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்தில் சில வீடுகளுக்குத் தொடங்கியும் வைத்தேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். செயலியில் காய்ச்சல் அளவின் எண் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும். ஆனால் அந்த எண்ணைப் பார்த்தவுடன் எழும்பி வாகனம் பிடிக்க வேண்டியவர் யார் என்பதை ஒருவரும் தீர்மானித்திருக்க மாட்டார்கள்.

அவசரம் ஏன் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். கீமோ மருந்து புற்றுநோய்க் கலங்களோடு சேர்த்து, கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களையும் குறைக்கிறது. பல மருந்துகளில், ஏற்றிய நாளிலிருந்து 7 முதல் 14 நாட்களுக்குள் அவை மிகவும் தாழ்ந்த அளவுக்கு வருகின்றன. சீழும் சிவப்பும் வீக்கமும் அந்தக் கலங்களின் வேலையால் உண்டாகின்றவை என்பதால், அந்தக் கலங்கள் குறைந்த உடலில் தொற்று வெளியே தெரியாமலே பரவலாம். காய்ச்சல் மட்டுமே ஒரே அடையாளமாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு.

1. முதலில் ஆட்களை ஒழுங்கு செய்யுங்கள்

ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 829 நோயாளர்களுடன் நடத்தப்பட்டு 2021இல் முடிவு வெளியான ஈஸ்மார்ட் ஆய்வில், நோயாளி கைபேசியில் கொடுத்த பதில் ஆபத்தைக் காட்டினால், அந்த எச்சரிக்கை நேரே வைத்தியசாலைப் பணியாளருக்குப் போய்ச் சேர்ந்தது. நாம் பதிவிறக்கும் செயலியின் மறுமுனையில் அப்படி ஒருவரும் இருப்பதில்லை. எனவே மறுமுனையில் இருக்க வேண்டியவர்களை வீட்டிலிருந்தே நியமிக்க வேண்டும்.

மூன்று பேர் தேவை. முதலாமவர் அளந்து பதிபவர். நோயாளியுடன் ஒரே வீட்டில் இருப்பவர். இரண்டாமவர் வாகனத்துக்குப் பொறுப்பானவர்; ஓட்டோ வைத்திருக்கும் அயலவராகவோ, இரவில் அழைத்தாலும் எடுக்கக்கூடிய உறவினராகவோ இருக்கலாம், ஆனால் அவரிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் பெற்றிருக்க வேண்டும். மூன்றாமவர், முதலாமவர் இல்லாத நேரத்தில் அவருடைய வேலையைச் செய்யப் பழகியவர். வயல் வேலைக்கும் கூலி வேலைக்கும் போகும் வீடுகளில், பகலில் நோயாளியுடன் இருப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்கும் அளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களை வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டு, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருப்பது அடிக்கடி காணும் பிழை. ரொறன்ரோவில் இருக்கும் தம்பியால் ஒட்டுசுட்டானில் ஓட்டோ பிடிக்க முடியாது. ஆயினும் அவருக்கும் ஒரு வேலை உண்டு: இங்கே இரவு இரண்டு மணி என்றால் அங்கே பிற்பகல். இரவு அளவு பதியப்படாமல் இருந்தால் தொலைபேசியில் அழைத்து வீட்டாரை எழுப்பும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். அக்காவின் நான்காம் சுற்றில் இது எங்களுக்கு மிகவும் உதவியது.

2. வைத்தியசாலை விடுதியை விட்டு வெளியேறுமுன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

வீட்டுக்கு வந்தபின் இவற்றைத் தேடுவது கடினம். மருந்து ஏற்றிய அன்றே தாதியரிடமோ வைத்தியரிடமோ கேட்டு, கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

மருந்து ஏற்றிய திகதி, மருந்துகளின் பெயர், இரத்தப் பரிசோதனைக்கு வரவேண்டிய நாள், விடுதியின் தொலைபேசி எண், ஒவ்வாத மருந்துகள் ஆகியவை முதல் வரிசை. அடுத்து, எத்தனை பாகை காய்ச்சல் வந்தால் வரச் சொல்கிறார்கள் என்பது. கடைசியாக, பலரும் கேட்காமல் விடும் கேள்வி: “இரவில் காய்ச்சல் வந்தால் நேரே இங்கே வரவேண்டுமா, எங்கள் ஊருக்குக் கிட்டிய வைத்தியசாலைக்குப் போகவேண்டுமா?”

சிகிச்சை நடப்பது புற்றுநோய் வைத்தியசாலைகள் உள்ள தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ என்பதால், காய்ச்சலுடன் அங்கேயே போகவேண்டும் என்று பல குடும்பங்கள் எண்ணுகின்றன. முல்லைத்தீவிலிருந்து ஏ35 வீதியால் பரந்தனுக்கு வந்து, பின் ஏ9 வீதியால் வடக்கே தெல்லிப்பழைப் பக்கம் போவதற்குள், தொடங்கியிருக்க வேண்டிய மருந்து மணிக்கணக்காகத் தள்ளிப்போகும். நாளத்தினூடாக ஏற்றும் நுண்ணுயிர்க்கொல்லியை (அன்ரிபயோட்டிக் மருந்தை) முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலேயே தொடங்கலாம். உங்கள் சிகிச்சைக் குழு எந்த இடத்தைச் சொல்கிறதோ அதை எழுதி வாங்குங்கள். வாசலில் நிற்கும்போது அந்த எழுத்து உதவும்.

3. வெப்பமானியும் அளக்கும் முறையும்

செயலியில் எவ்வளவு வசதி இருந்தாலும், உள்ளே போகும் எண் பிழையென்றால் பதிவு முழுவதும் பிழை. ஆகவே இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம்.

நாக்குக்கு அடியில் வைத்து அளக்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை நோயாளிக்கென்று தனியாக வாங்குங்கள். வீட்டில் இன்னொருவருக்குத் தடிமன் வந்தாலும் அவருக்கு இதைக் கொடுக்கக்கூடாது. ஒவ்வொரு தடவையும் சவர்க்காரமிட்டுக் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்து வையுங்கள். அதற்குரிய பொத்தான் பற்றரி ஒன்றை மேலதிகமாக வாங்கி வைப்பது நல்லது; பற்றரி தளர்ந்த வெப்பமானி பிழையான அளவைக் காட்டக்கூடும்.

நெற்றிக்கு நேரே பிடிக்கும் துவக்கு வடிவக் கருவியை நம்பி இருக்காதீர்கள். தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெக்கையில், வியர்த்த நெற்றியில், அது கூடவும் காட்டலாம், குறையவும் காட்டலாம். சந்தேகம் வந்தால் வாய் வெப்பமானியால் மறுபடி அளந்து அந்த எண்ணையே பதியுங்கள்.

தேநீரோ குளிர்ந்த தண்ணீரோ குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுத்து அளக்க வேண்டும். வெப்பமானியின் நுனி நாக்கின் அடியில் பின்புறமாக இருக்க, உதடுகள் மூடியிருக்க வேண்டும். ஒலி வரும்வரை எடுக்கக்கூடாது. வாய்ப்புண் காரணமாக வைக்க முடியாவிட்டால் கமக்கட்டில் அளக்கலாம். அங்கே அளவு வாயை விட ஏறத்தாழ அரைப் பாகை செல்சியஸ் குறைவாக இருக்கும். நீங்களாகக் கூட்டிப் பதியாதீர்கள். வந்த எண்ணைப் பதிந்து, பக்கத்தில் “கமக்கட்டு” என்று எழுதுங்கள். ஒரு நாள் கூட்டியும் மறுநாள் கூட்டாமலும் பதிந்த வரைபடத்தைப் பார்த்து ஒருவரும் எதையும் சொல்ல முடியாது.

குதவழியாக ஒருபோதும் அளக்கக்கூடாது. அங்கு ஏற்படும் சிறு கீறலே கிருமிகளுக்கு வழியாகிவிடும். அதே காரணத்தால், நோவுக்கோ காய்ச்சலுக்கோ குதவழி வைக்கும் மருந்தையும் சிகிச்சைக் குழு சொல்லாமல் வைக்க வேண்டாம்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது: அளப்பதற்கு முன் பனடோல் கொடுக்காதீர்கள். உடம்பு சுடுகிறது என்றவுடன் இரண்டு பனடோல் கொடுத்து, கொத்தமல்லி அவித்துக் குடிக்க வைத்து, ஈரத்துணி போட்டு, பிறகு அளந்து “99தான்” என்று பதிந்த வீடுகளைக் கண்டிருக்கிறேன். அன்போடு செய்த அந்தக் காரியமே அடையாளத்தை அழித்துவிட்டது. பல தடிமன் மாத்திரைகளிலும் நோவு மாத்திரைகளிலும் பனடோலில் உள்ள அதே பரசிற்றமோல் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நோவுக்காக அதை ஒழுங்காகக் குடிக்கச் சொல்லியிருந்தால், குடிக்குமுன் அளந்து பதிந்துவிட்டுக் கொடுங்கள். டெக்ஸாமெதசோன், பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்துகளும் காய்ச்சலை மறைக்கும். அவை நடக்கும் நாட்களில் எண்ணை விட ஏழாம் படியிலுள்ள அறிகுறிகளுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும்.

4. செயலியைத் தெரிவு செய்தல்

முதலில் விலக்க வேண்டியவை: கமராவில் விரலை வைத்தால் காய்ச்சலைச் சொல்வதாக விளம்பரம் செய்யும் செயலிகள். நம் கையில் இருக்கும் சாதாரணக் கைபேசிகளில் உடல் வெப்பத்தை அளக்கும் உணரி இல்லை. அவை காட்டும் எண்ணுக்கு ஆதாரம் எதுவும் இல்லாததால், அவற்றை நீக்கிவிடுங்கள்.

மிஞ்சுபவற்றில் ஐந்து விடயங்களைப் பாருங்கள். இணையம் இல்லாமலும் பதிய முடியுமா? நேரத்தையும் குறிப்பையும் சேர்க்க முடியுமா? செல்சியஸ், பரனைற் இரண்டில் ஒன்றை நிலையாக வைக்க முடியுமா? நினைவூட்டல் ஒலிக்குமா? பதிவுகளைப் பீ.டி.எஃப் ஆகவோ அட்டவணையாகவோ வெளியே எடுக்க முடியுமா? காட்டோரக் கிராமங்களில் முதலாவது கேள்விக்கு “இல்லை” என்று வந்தால் மற்றவற்றைப் பார்க்கத் தேவையில்லை.

ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும் செயலியில், பதிபவர் கேள்வியை விளங்காமல் ஏதோ ஒரு பெட்டியை அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். அதனால், அழகான செயலியை விடத் தமிழில் நாமே எழுதிய எளிய கூகுள் படிவம் மேலானது என்பது என் அனுபவம். கேள்விகளை வீட்டார் பேசும் சொற்களிலேயே எழுதலாம்; பதில்கள் நேரத்துடன் ஓர் அட்டவணையில் தாமாகச் சேரும்; வவுனியாவில் படிக்கும் மகளும் அதே நேரத்தில் பார்க்கலாம். அதன் குறை, டேட்டா இல்லாதபோது அனுப்ப முடியாது என்பதே. சிக்னல் குறைந்த இடங்களில் இணையமின்றி இயங்கும் எளிய காய்ச்சல் பதிவுச் செயலியை வைத்துக்கொண்டு, எண்ணைச் சாதாரணக் குறுஞ்செய்தியாக இரண்டாமவருக்கு அனுப்புங்கள். டேட்டா எடுக்காத இடத்திலும் குறுஞ்செய்தி பல வேளைகளில் போய்விடும்.

தொடர்பு எண்கள், இருப்பிடம், ஒலிவாங்கி ஆகியவற்றுக்குச் செயலி அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். காய்ச்சலைப் பதிய அவை வேண்டியதில்லை.

5. கைபேசியைத் தயார் செய்தல்

ஒரே கைபேசியில் பதிவு இருக்க வேண்டும், அந்தக் கைபேசி நோயாளி இருக்கும் வீட்டிலேயே இருக்க வேண்டும். வீட்டில் உள்ள ஒரே கைபேசி காலையில் அப்பாவுடன் வயலுக்குப் போய்விட்டால் பகல் அளவுகள் ஒரு துண்டுக் கடதாசியில் நின்றுவிடும். அந்தக் கடதாசியை மாலையில் ஒருவரும் தேடுவதில்லை. வேறு வழியில்லாவிட்டால் கொப்பி ஒன்றையே முதன்மைப் பதிவாக வைத்து, மாலையில் அதைச் செயலிக்கு ஏற்றுங்கள்.

அன்ட்ரோயிட் கைபேசிகளில் பற்றரியைச் சேமிப்பதற்காகப் பின்னணிச் செயலிகள் நிறுத்தப்படுவதால், நினைவூட்டல் இரண்டு நாட்கள் ஒலித்து மூன்றாம் நாள் நின்றுவிடக்கூடும். அமைப்புகளுக்குள் போய் அந்தச் செயலிக்குப் பற்றரிக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். அதற்கு மேலாக, கைபேசியின் சாதாரண மணிக்கூட்டு அலாரத்தையும் அதே நேரங்களுக்கு வையுங்கள். அது எளிதில் தவறுவதில்லை.

மாரிகாலத்தில் மின்சாரம் நின்றால் சார்ஜ் தீரும். சிறிய பவர் பாங்க் ஒன்றையும், அழைப்புக்குப் போதிய மீதிப் பணத்தையும் மருந்து ஏற்றிய நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்கு உறுதி செய்துகொள்ளுங்கள்.

6. எல்லைகளைப் பதிதல்

சிகிச்சைக் குழு தந்த எண்தான் உங்கள் எல்லை. பரவலாகப் பின்பற்றப்படுவது, வாயில் அளந்தபோது ஒரே தடவை 38.3 பாகை செல்சியஸ், அதாவது ஏறத்தாழ 101 பரனைற்; அல்லது 38.0 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைற், ஒரு மணி நேரம் குறையாமல் நிற்பது. நம் வீடுகளில் பெரியவர்கள் பரனைற்றில் பேசுகிறார்கள்; வெப்பமானியும் செயலியும் பலவேளை செல்சியஸில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றிவிட்டே தொடங்குங்கள். வெப்பமானி 38.2 காட்டியதைப் பார்த்து, “நூறு கூட இல்லையே” என்று ஒரு முதியவர் நிம்மதியாகப் படுத்ததை நான் அறிவேன்.

கீழ் எல்லையும் உண்டு. 36.0 பாகை செல்சியஸ், அதாவது 96.8 பரனைற்றுக்குக் கீழே இறங்கி, நோயாளியும் சோர்ந்து குளிர்ந்திருந்தால், அதுவும் கடுமையான தொற்றாக இருக்கலாம். பல செயலிகள் மேல் எல்லைக்கு மட்டுமே சிவப்பு நிறம் காட்டுவதால், இந்த எண்ணைக் கையால் எழுதி வெப்பமானிப் பெட்டியில் ஒட்டுங்கள்.

7. நாளாந்தப் பதிவு

காலை, மாலை என இரண்டு தடவை போதும். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை மதியத்தையும் படுக்குமுன்னையும் சேர்த்து நான்கு தடவையாக்குங்கள். உடம்பு சுடுவதாகவோ குளிர்வதாகவோ நோயாளி சொன்னால் எந்த நேரமும் அளக்க வேண்டும்.

எண்ணோடு நின்றுவிட வேண்டாம். குளிர் நடுக்கம், இருமல், மூச்சு வாங்குதல், தொண்டை நோவு, வாய்ப்புண், வயிற்றோட்டம், சிறுநீர் எரிவு, மலவாசல் நோவு, கனுலா (மருந்து ஏற்ற நாளத்தில் குத்தும் சிறு குழாய்) குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ சிவப்பு, வழமைக்கு மாறான தூக்கம் அல்லது குழப்பமான பேச்சு ஆகியவற்றை ஆம், இல்லை என்று பதியும்படி வைத்துக்கொள்ளுங்கள். வன்னி வாழ்க்கைக்கென நான் இன்னும் ஒன்றைச் சேர்ப்பேன்: காலில் முள், வெட்டு, கொப்புளம் இருக்கிறதா என்று மாலையில் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முற்றத்திலும் வளவிலும் வெறுங்காலோடு நடந்து பழகியவர்கள் சிறு குத்தைக் கவனிப்பதில்லை.

கேட்கும் விதத்தில்தான் பதிவின் உண்மை இருக்கிறது. “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால், எங்கள் தாய்மார் எல்லோரும் “ஒண்டுமில்லை, பரவாயில்லை” என்றுதான் சொல்வார்கள். வாகனக் காசும் பிள்ளையின் படிப்பும் கெடக்கூடாது என்று நோவை மறைப்பார்கள். ஆகவே பொதுவாகக் கேட்காமல், “அம்மா, விழுங்கேக்க தொண்டை நோகுதோ?”, “மூத்திரம் போகேக்க எரியுதோ?”, “இண்டைக்கு எத்தினை தரம் வயித்தாலை போனது?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சிறுநீர், மலவாசல் பற்றிய கேள்விகளை மகனை விட மகளோ சகோதரியோ தனிமையில் கேட்டால் பதில் வரும். என் அக்கா மூன்றாம் சுற்றில் மலவாசல் நோவை நான்கு நாட்கள் என்னிடம் சொல்லவில்லை. சின்னம்மா கேட்ட அன்றே சொன்னார்.

கனுலா குத்திய இடத்தை, நோயாளியின் சம்மதத்துடன், தினமும் ஒரே நேரத்தில் ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். நேற்றைய படத்துடன் ஒப்பிட்டால் சிவப்பு பரவுவது தெரியும். அந்தப் படங்களைக் குடும்பக் குழுவில் போடாமல் பொறுப்பான மூவருக்குள் வைத்திருங்கள்.

யாரோடு பழகினார் என்பதையும் குறிப்பில் ஒரு வரி எழுதலாம். வற்றாப்பளைப் பொங்கல் போன்ற பெருங்கூட்டத்துக்குப் போய்வந்த உறவினர் இருமலுடன் வந்து பக்கத்தில் இருந்தார் என்றால், அந்தத் திகதி வைத்தியருக்குப் பயன்படும்.

8. எல்லையைத் தாண்டிய நேரத்தில்

இங்கே வரிசை மாறக்கூடாது.

முதலாவது, எண்ணையும் நேரத்தையும் பதிதல். இரண்டாவது, உடனே விடுதி எண்ணுக்கு அழைத்தல். மூன்றாவது, வாகனக்காரரை எழுப்புதல். பனடோல் இந்த வரிசையில் இல்லை. வைத்தியர் சொன்னால் மட்டுமே.

100.4 வந்தவுடன், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அழைப்போம் என்று காத்திருக்காதீர்கள். நகரத்தில் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் இருப்பவர் காத்திருக்கலாம். துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ இருப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் வாகனம் ஒழுங்கு செய்வதற்கே வேண்டும். அழைத்துவிட்டு, வாகனம் வரும்வரை மறுபடி அளந்து பதியுங்கள். 101 வந்தாலும், எண் எதுவாக இருந்தாலும் குளிர் நடுக்கமோ மூச்சுத் திணறலோ குழப்பமோ வந்தாலும், விடுதியில் தொலைபேசியை எடுக்காவிட்டாலும், புறப்படுங்கள்.

வாகனம் கிடைக்காவிட்டால் இலவச அம்புலன்ஸ் சேவையான 1990 சுவசெரியவை அழையுங்கள். வீட்டிலக்கம் சொல்லி வழி கண்டுபிடிக்க முடியாத கிராமங்களில், பிரதான வீதி, சந்தி, பக்கத்துப் பாடசாலை அல்லது கோயில் என்ற ஒழுங்கில் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் முன்பே ஒரு வரியாக எழுதிக் கைபேசியின் பின்னால் ஒட்டினால், பதற்றத்தில் பிள்ளை கூட வாசித்துச் சொல்லிவிடும்.

கிளினிக் கொப்பி, மருந்துகள், வெப்பமானி, சார்ஜர், மாற்றுடுப்பு ஆகியவற்றை ஒரு பையில் முதல் நாளே போட்டு வையுங்கள்.

9. வைத்தியசாலை வாசலில்

மழைக்காலத்தில் வெளிநோயாளர் பிரிவு முழுவதும் காய்ச்சல்காரரே இருப்பார்கள். டெங்கும் எலிக்காய்ச்சலும் பரவும் பருவம் அது. “காய்ச்சல்” என்று மட்டும் சொன்னால் அந்த வரிசையிலேயே உட்கார நேரும், அங்கு பிறருடைய கிருமிகளும் சேரும். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், முதல் வசனமாகவே இப்படிச் சொல்லுங்கள்: “புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிப் பத்தாம் நாள், இரவு இரண்டு மணிக்கு 101 காய்ச்சல், பனடோல் கொடுக்கவில்லை.” வெண்குருதிக் கலங்கள் குறைந்த நோயாளி காய்ச்சலுடன் வந்தால், வந்து ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி தொடங்க வேண்டும் என்பது மருத்துவ உலகில் பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. அந்த ஒரு வசனம் அதற்கான வழியைத் திறக்கும்.

செயலியைத் திறந்து நீட்டுவதை விட, கடைசி மூன்று நாள் அளவுகளை ஒரு ஸ்கிரீன்ஷொட்டாகவும், கொப்பியில் கையால் எழுதிய ஐந்து வரிகளாகவும் காட்டுங்கள். கைபேசி பூட்டியிருக்கலாம், சார்ஜ் தீர்ந்திருக்கலாம். கடமையில் இருப்பவர் தமிழ் தெரியாத வைத்தியராகவும் இருக்கலாம். எண்களையும் திகதிகளையும், கொப்பியில் வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதிய மருந்துப் பெயர்களையும் அவர் தாமாகவே வாசித்துக்கொள்வார். திகதி எழுதும்போது முதலில் நாளையும் அடுத்து மாதத்தையும் எழுதுங்கள்; சில செயலிகள் மாதத்தை முன்னே போடுவதால் 05, 06 என்ற திகதிகள் குழம்பிய சம்பவம் எனக்கே நேர்ந்தது.

10. அடுத்த சுற்றுக்கு மாறுதல்

புதிய மருந்து ஏற்றிய நாளை முதலாம் நாளாக வைத்துப் பதிவைப் புதிதாகத் தொடங்குங்கள், பழையதை அழிக்காமல் வேறு பெயரில் சேமியுங்கள். போன சுற்றில் எந்த நாளில் காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தது என்று பார்த்தால், இந்தச் சுற்றில் அந்த நாட்களில் பிரயாணத்தையும் விருந்தினரையும் தவிர்த்து வாகனக்காரரையும் முன்கூட்டியே தயாராக வைக்கலாம். கிளினிக்குக்குப் போகும்போது முழுப் பதிவையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள். பல நோயாளர்களைப் பார்க்கும் வைத்தியருக்குக் கைபேசியைப் புரட்ட நேரம் இராது.

கடைசிச் சுற்று முடிந்தவுடன் நிறுத்திவிட வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் கலங்கள் வழமைக்கு வந்துவிட்டன என்று சிகிச்சைக் குழு சொன்ன பின்னரே நினைவூட்டல்களை நிறுத்துங்கள். கைபேசி இரவல் வாங்கியது என்றால், பதிவையும் படங்களையும் வேறிடத்துக்கு எடுத்து, அதிலிருந்து முற்றாக நீக்கிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.